கண்டக்டரம்மா வீட்டுக்கு வந்த சேவல்

ஒரு ஊர்ல ஒரு கண்டக்டரம்மா இருந்தாங்க. ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல, கண்டக்டரம்மாதான். பேரு சீனியம்மா. எங்க, அக்காவுக்கு 'ம்' கொட்டு. நீ 'ம்' கொட்டினாத்தான் வண்டி நகரும்.

"ம்."

ஹாங். காலமெல்லாம் பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சுட்டு அவங்க ரிட்டயர் ஆயிட்டாங்க. வீட்டுல பேச்சுத்துணைக்கு ஆளில்ல. அதனால மூணு கோழி வாங்கிக் கொல்லையில விட்டாங்க. ஒண்ணு கருவாச்சி. கன்னங்கரேல்னு இருக்கும், கொல்லையில அது வச்சதுதான் சட்டம். இன்னொண்ணு புள்ளிச்சி. கருவாச்சி எதைச் சொன்னாலும் "ஆமாக்கா, ஆமாக்கா"ன்னு பின்னாடியே ஓடும். மூணாவது செவலை. அது பாவம், வாய் தெறக்காது. பொழுது சாஞ்சா கண்டக்டரம்மா கூட்டைத் தெறந்து வச்சுக்கிட்டு 'பீப்பீ'ன்னு விசில் ஊதுவாங்க. "உள்ள போ, உள்ள போ! படியில நிக்காத! ஏ கருவாச்சி, உள்ளதான் அவ்வளவு எடம் கெடக்குல்ல!" மூணும் குடுகுடுகுடுன்னு ஏறிடும். "ரைட்!" கதவு டப்.

அப்புறம் ஒரு நாள் செவலைக்கு அடை வந்துருச்சு. முட்டை மேல உக்காந்து குஞ்சு பொரிச்சே ஆகணும்னு கோழிக்கு ஒரு வேகம் வரும், உடம்பெல்லாம் கொதிக்கும், அதுதான் அடை. கண்டக்டரம்மா ஒரு கூடையில வைக்கோலைப் பரப்பி முட்டைய அடுக்குனாங்க. இடி இடிச்சா முட்டை கலங்கிப் போயிரும்னு யாரோ சொன்னாங்களா, அதுக்காக ஒரு இரும்புக் கரண்டியையும் கரித்துண்டையும் கூடைக்குள்ள சொருகுனாங்க. செவலை ஏறி உக்காந்துச்சு. கிட்டப் போனா, "கொர்ர்ர்ர்!"

உக்காந்துச்சு, உக்காந்துச்சு, உக்காந்துக்கிட்டே இருந்துச்சு. குஞ்சு வரவேண்டிய நாளு வந்துச்சு, போயும் போச்சு. ஒரு மத்தியானம் 'டொப்'புன்னு ஒரு முட்டை வெடிச்சுது பாரு, அப்பப்பா, தெரு முனை வரைக்கும் நாத்தம்! எல்லாம் கூமுட்டை.

கண்டக்டரம்மா எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிட்டாங்க. ஆனா செவலை எழுந்திரிக்கல. வெறும் வைக்கோல் மேலயே உக்காந்திருச்சு. எரைக்கு வரல, தண்ணிக்கு வரல. தூக்கிப் பாத்தா பஞ்சு கணக்கா கனமே இல்ல, நெஞ்செலும்பு கையில குத்துது. கண்டக்டரம்மாவுக்குத் திக்குனு ஆயிருச்சு.

"செத்துருமாக்கா?"

பொறுடி. அப்போ பால்காரர் முண்டசாமி வந்தாரு. அவரு பேசினா தகர டப்பாவுக்குள்ள கல்லு உருளுற மாதிரி இருக்கும். "தண்ணியில முக்கி எடுங்கம்மா, அடை தெளிஞ்சிரும்."

"குஞ்சுக்கு ஆசைப்பட்டது ஒரு குத்தமா, முண்டசாமி? நான் மாட்டேன்."

"அப்போ நல்ல முட்டையா வைங்க. ஆமா, சேவல் எங்க?"

"சேவல் எதுக்கு? முட்டை போடுறது கோழிதானே?"

பால்காரர் கேனைக் கீழ வச்சுட்டு, ஹெக் ஹெக் ஹெக்குன்னு வயித்தைப் புடிச்சுக்கிட்டாரு. "ஏம்மா, டிரைவரே இல்லாத வண்டிக்கா இத்தனை நாளா விசில் ஊதுனீங்க? சேவலோட திரிஞ்ச கோழி போட்டாத்தான் முட்டையில உயிர் இருக்கும்! இல்லாட்டி கரண்டியில இருந்தா குஞ்சு வரும்?"

கண்டக்டரம்மா விறுவிறுன்னு சந்தைக்குப் போயி ஒரு சேவல் வாங்கியாந்தாங்க. விடலைச் சேவல். பவுனு நெறம், அதனால பவுனுன்னே பேரு. இப்பத்தான் அதுக்குத் தொண்டை உடைஞ்சுக்கிட்டிருந்துச்சு. கொல்லையில கால் வச்சதும் நெஞ்சை நிமித்தி ஒரு கூவல் போட்டுச்சு பாரு. "கொக்... கொக்கரக்... கீஈஈச்!"

கருவாச்சி திரும்பிப் பாத்துச்சு. "எவன்டி இவன், துருப்புடிச்ச கதவு?"

"ஆமாக்கா, கதவுக்கா!"

அவ்வளவுதான். படபடபடன்னு ரெண்டும் பாஞ்சு, கொண்டையில ஒரு கொத்து, முதுகுல ஒரு கொத்து. பவுனு "கெக்கெக்கெக்கே!"ன்னு முருங்கை மரத்துல ஏறி உக்காந்திருச்சு. ராத்திரிக்கும் எறங்கல.

மறுநாள் முண்டசாமி இன்னொரு யோசனை சொன்னாரு. "எல்லாத்துக்கும் அடுப்புச் சாம்பலைப் பூசி விடுங்க. எது பழசு, எது புதுசுன்னு அதுங்களுக்கே தெரியாது." கண்டக்டரம்மாவும் கருவாச்சி, புள்ளிச்சி, பவுனு மூணையும் புடிச்சு அப்பு அப்புன்னு அப்பி விட்டாங்க. மூணும் சாம்பக்கலரு! கருவாச்சி புள்ளிச்சியைப் பாத்து, "யாருடி நீ?"

"நான்தான்க்கா. நீங்க யாருக்கா?"

"என்னையவே யாருன்னு கேக்கிறியா!" மடார்னு ஒரு கொத்து. புள்ளிச்சி பொறந்ததுல இருந்து திருப்பிக் கொத்துனதே இல்ல. அன்னைக்குத் திருப்பிக் கொத்திருச்சு! ஒரே பொகைமூட்டம், தும்மல். "பீப்பீ! எறங்கு, எறங்கு, எல்லாரும் எறங்கு!"ன்னு கண்டக்டரம்மா ஊதுறாங்க, யாரு கேட்டா? பவுனு மட்டும் மறுபடியும் முருங்கை மரத்துல.

"ம்... ம்."

அப்போ கண்டக்டரம்மா செவலை பக்கத்துல போயி உக்காந்தாங்க. நொய்யரிசிய நனைச்சு நீட்டுனாங்க. ரெண்டு மணி தின்னுச்சு, அப்புறம் கண்ணை மூடிக்கிச்சு. "கொஞ்சம் தாங்கிக்கடி, தாயி"ன்னாங்க. அங்கேயே உக்காந்து யோசிச்சாங்க. பஸ்ஸுல புதுசா ஏறுனவனை எவன் உள்ள விட்டான்? தள்ளுனாலும் விடமாட்டான், திட்டுனாலும் விடமாட்டான். ஆனா ஏறுனவன் பொட்டலத்தைப் பிரிச்சு, "முறுக்கு சாப்பிடுறீங்களா?"ன்னு கேட்டா, "இப்படி உக்காருங்க தம்பி"ன்னு எடம் தானா வந்துரும்ல?

அவங்க ஒரு பானையில சாணியும் ஓலையும் திணிச்சு, தண்ணி தெளிச்சு, ஈர மண்ணுல கவுத்து வச்சாங்க. விடிஞ்சு தூக்கிப் பாத்தா கரையான் மொலுமொலுன்னு மொய்ச்சுக் கெடந்துச்சு. கோழிக்குக் கரையான்னா நமக்கு அல்வா மாதிரி. கோழி மூடுற மூங்கில் கூடை இருக்குல்ல, பஞ்சாரம், அதுக்குள்ள பவுனைப் போட்டு, கொல்லை நடுவுல கவுத்து, கரையான் மொத்தத்தையும் அது காலடியில தட்டுனாங்க.

பவுனுக்கோ கொலைப்பசி. மரத்துல உக்காந்து உக்காந்து வயிறு ஒட்டிப் போயிருந்துச்சு. ஆனாலும் ஒரு கரையானைக் கூட முழுங்கல. அலகால எடுக்கும், கீழ போடும், எடுக்கும், போடும். "குக்... குக்... குக்..."ன்னு மெதுவா, காதுல சொல்ற மாதிரி கூப்பிடும். நல்ல சேவல் அப்படித்தான், கூப்பிட்டுட்டுத்தான் திங்கும்.

கருவாச்சி மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு. ஒரு கண்ணு மட்டும் இந்தப் பக்கம். "எனக்கொண்ணும் வேண்டாம்."

"ஆமாக்கா, வேண்டாம்க்கா."

"குக்... குக்..."

"சும்மா என்னன்னு பாக்குறேன்"னு ஒரு அடி வச்சுச்சு. இன்னொரு அடி. பஞ்சாரத்து ஓட்டையில தலைய விட்டு, 'லபக்.' அப்புறம் லபக் லபக் லபக்.

"அக்கா, எனக்குக்கா!"

ரெண்டும் தலைய உள்ள விட்டுத் தின்னுக்கிட்டு இருக்கிறப்போ, கண்டக்டரம்மா பஞ்சாரத்தை மெல்லத் தூக்கிட்டாங்க. யாரும் நிமிந்து பாக்கல. மூணு தலையும் ஒண்ணா, டொக் டொக் டொக். அன்னைக்குச் சாயங்காலம் பவுனு கூட்டுப் படியில தயங்கி நின்னுச்சு. கருவாச்சி உறுமிக்கிட்டே கொஞ்சம் நகந்து எடம் விட்டுச்சு.

"ம்..."

அப்புறம் நாள் கொஞ்சம் போச்சு. கருவாச்சியும் புள்ளிச்சியும் போட்ட முட்டையெல்லாம் சேந்ததும், கண்டக்டரம்மா அதைச் செவலைக்கு அடியில ஒண்ணொண்ணாத் தள்ளுனாங்க. செவலை 'கொர்ர்'னு கூடச் சொல்லல. அலகால முட்டைய உருட்டி உருட்டி வயித்துக்கு அடியில சேத்துக்கிச்சு. தெனம் கையால ஊட்டுனாங்க. அது பாதி திங்கும், பாதிய விட்டுரும்.

அப்புறம் ஒரு காலையில, வெளிய தூறல் சிணுசிணுன்னு விழுந்துக்கிட்டிருந்துச்சு. கண்டக்டரம்மா கூடையில காதை வச்சாங்க.

டிக்.

காதை இன்னும் கிட்ட அழுத்துனாங்க.

டிக்... டிக்... கீச்.

செவலை இறக்கைக்கு அடியில இருந்து ஒரு ஈரத் தலை எட்டிப் பாத்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. கீச், கீச், கீச். செவலை இத்தனை நாளா மூடி மூடி வச்சிருந்த கண்ணை நல்லாத் தெறந்துச்சு. குஞ்சுங்க ஈரம் காஞ்சதும் மெல்ல எழுந்திருச்சு. கூடைய விட்டு எறங்கி, குஞ்சுங்க பின்னாலயே உருண்டு வர, தாழ்வாரத்துல இருந்த தண்ணிச் சட்டிகிட்டப் போச்சு. ஒரு வாய் உறிஞ்சும், தலைய அண்ணாந்து முழுங்கும். ஒரு வாய், அண்ணாந்து. ஒரு வாய், அண்ணாந்து. அந்தத் தொண்டை ஏறி ஏறி எறங்குறதையே பாத்துக்கிட்டு கண்டக்டரம்மா அதுக்கு வழி விட்டு வெளிய மழையில நனைஞ்சபடி நின்னாங்க.

'ம்' கொட்டு.

...

சரி. குஞ்செல்லாம் இறக்கைக்குள்ள போச்சு, கதை கூட்டுக்குள்ள போச்சு. தூங்கு.