பாதிக் கிண்ணம் சொதி

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மெஸ். ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டு வைக்கிற அந்தக் குழம்புக்காகவே தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு.

இருபது வருடமாக அதைக் கூட்டி வைத்தவர் பூதப்பாண்டி. எல்லோருக்கும் அவர் மாஸ்டர். தோள்பட்டை பிடித்துக்கொண்டு கை தூக்க முடியாமல் போனபோது, அடுப்பைச் செண்பகவல்லியிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். அவளுக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான். பதினோரு வருடம் அவர் பக்கத்தில் நின்று வேலை கற்றவள்.

ஆறு ஞாயிறு போனது. ஏழாவது ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அவள் மாஸ்டர் வீட்டுக்கு வந்தாள். அடுக்களைச் சாவியை அவர் முன்னால் வைத்தாள்.

"வேற ஆள் பாத்துக்கோங்க மாஸ்டர்."

"என்னாச்சு?"

"பத்திரம் எழுதுத மாசிலாமணி சாரு இருக்காருல்லா..."

"ஆமா. சொதி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து வருதவரு."

"நான் வைக்க ஆரம்பிச்சதுலேர்ந்து பாதிக் கிண்ணம்தான் சாப்பிடுதாரு. மீதியை அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிருதாரு. உங்க காலத்துல ரெண்டாவது கிண்ணம் கேப்பாரு."

"மத்தவங்க?"

"சாப்பிடுதாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? அவருக்குல்லா உங்க ருசி தெரியும்."

"நீ என்ன பண்ணினே?"

"என்னத்தப் பண்ணல? இஞ்சியைக் கூட்டிப் பாத்தேன். எலுமிச்சம்பழத்தைக் கொறச்சேன். ஒரு வாரம் முந்திரி அரைச்சு ஊத்தினேன். தேங்காய்க் கடையையே மாத்திட்டேன். ஒவ்வொரு வாரமும் கதவிடுக்கு வழியா பாப்பேன். பாதியிலே நிறுத்திருவாரு. சனிக்கிழமை வந்தா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. என் சொதியில என்ன குறை மாஸ்டர்? அதை மட்டும் சொல்லிருங்க. நான் போயிருதேன்."

மாஸ்டர் சாவியை எடுக்கவில்லை.

"மொத வாரம் எப்படி வச்சே?"

"நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரிதான்."

"நாளைக்கும் அப்படியே வை. நான் வாரேன்."

மறுநாள் மாஸ்டர் வந்தார். அடுக்களைக்குள் போகவில்லை. சட்டியைத் திறந்து பார்க்கவில்லை. பந்தியில் மாசிலாமணிக்குப் பக்கத்தில் ஓர் இலை போடச் சொல்லி உட்கார்ந்தார்.

"வாங்க மாஸ்டர், தோள் எப்படி இருக்கு?" என்றார் மாசிலாமணி.

"இருக்கு சார்."

கிண்ணம் நிறையச் சொதி வந்தது. இஞ்சித் துவையல் வந்தது. இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். அவர்கள் இலைக்கு இரண்டடி தள்ளி, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் செண்பகவல்லி நின்றாள்.

கிண்ணத்தில் சொதி பாதியானது. மாசிலாமணி கரண்டியை வைத்தார். ஒற்றை விரலால் கிண்ணத்தை இலைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

"என்ன சார், பாதியிலே நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார் மாஸ்டர்.

"அந்த டாக்டர் படுத்துத பாடு மாஸ்டர். ஒண்ணரை மாசத்துக்கு முன்னால நெஞ்சுல ஒரு வலி வந்துச்சு. தேங்காயும் நெய்யும் ஆகாதுன்னுட்டாரு. வீட்டுச் சட்னி போச்சு, அவியல் போச்சு, அல்வா போச்சு. எல்லாத்துக்கும் சரின்னுட்டேன். ஞாயித்துக்கிழமை சொதியை மட்டும் விட முடியாது, செத்தாலும் பரவாயில்லைன்னு அங்கேயே உக்காந்துட்டேன். கடைசியில பாதிக் கிண்ணம்னு ஒத்துக்கிட்டாரு."

"பாதியே வாங்கலாமே சார்?"

"பாதிக் கிண்ணத்தைப் பாத்தா அழுகை வருது மாஸ்டர். கண்ணுக்காவது முழுசா இருக்கட்டுமே."

மாஸ்டர் சிரித்தார். மாசிலாமணி குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? இன்னைக்குத்தான் பழையபடி இருக்கு. நடுவுல அஞ்சு வாரம் என்னென்னமோ ருசி. கெடைக்கிறதே பாதி, அதுலயும் கையை வச்சிட்டாங்களேன்னு மனசு கெடந்து தவிச்சுது. அந்தம்மா பாவம், மனசு கஷ்டப்படும்னு வாயைத் திறக்கல."

கதவுக்குப் பின்னால் செண்பகவல்லி தேங்காய் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. காய் நறுக்குகிற பெண், "என்னக்கா, என்னக்கா?" என்று ஓடிவந்தாள்.

"ஒண்ணுமில்ல. எனக்கு ஒரு இலை போடு. பசிக்குது."

பந்தி முடிந்து எல்லோரும் போனபின், மாஸ்டர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் துண்டை நீட்டினாள்.

"அவருக்கு நெஞ்சு வலின்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா மாஸ்டர்?"

"தெரியாது."

"நேத்தே ஏன் என் சொதியில குறை இல்லைன்னு சொல்லல?"

"அதுவும் எனக்குத் தெரியாதே. நேத்து நான் ருசி பாக்கலையே."

அவள் குழாயை மூடினாள்.

"ஆறு வாரமா அவரு என் கண்ணு முன்னாலதான் உக்காந்திருந்தாரு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் எனக்குக் கேக்கத் தோணல?"

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு துண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"உனக்குத்தான் பதில் தெரிஞ்சிருந்துச்சே. தெரிஞ்சவ எதுக்குக் கேக்கப் போறா?"