சொல்லை உதறிய குரல்

ரோஸ்லினுக்கு வயது முப்பத்தெட்டு. அவளிடம் பாடம் கேட்க வந்த ஆறுமுகநயினாருக்கு ஐம்பத்தாறு. அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை டீச்சர் என்பார். தூத்துக்குடியில் ஒரு பழைய உப்புக் கிடங்கில் அவள் ஒலிக்கலை சொல்லிக்கொடுத்தாள். பாட்டும் இல்லை, நாடகமும் இல்லை. மனுஷக் குரலைப் பிடித்து, வெட்டி, அடுக்கி, ஓர் அறை முழுக்க நிரப்பிக் காட்டுகிற வேலை.

நயினார் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு மைக் செட் போட்டவர். காது என்றால் அது காது. முதல் நாளே ரோஸ்லின் அவரிடம், "சொல்லை விட்டுருங்க அண்ணாச்சி. குரலை மட்டும் கேளுங்க" என்று சொல்லியிருந்தாள். மனுஷன் அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

அவள் வகுப்பில் படித்தவர்களின் கண்காட்சிக்கு முந்தின நாள், கிடங்கைச் சுற்றி ஆறு ஸ்பீக்கர் நிறுத்தினார்.

"கேளுங்க டீச்சர்."

ஒரு பெண் குரல். ஒரு சொல்கூட முழுசாக இல்லை. ஒரு மூலையில் மூச்சு இரைத்தது. இன்னொரு மூலையில் ஓர் 'ஆ' வெடித்தது. முதுகுக்குப் பின்னால் தொண்டை கிழிந்தது, கிழிந்துகொண்டே இருந்தது. எல்லாம் கோபம், அப்படியொரு கோபம். கூரைத் தகரம் அதிர்ந்தது.

"அடேயப்பா!" என்றாள் ரோஸ்லின்.

நயினாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"யாரு அண்ணாச்சி இந்தப் பொண்ணு?"

"யாரா இருந்தா என்ன டீச்சர்? குரலைப் பாருங்க."

"பாத்துட்டேன். யாருன்னு கேக்கேன்."

"எம் மவதான். பகவதி."

"அவளுக்குத் தெரியுமா?"

"எனக்குப் போன்ல பேசி அனுப்புனா. எனக்கு அனுப்புனதுதான?"

"வெட்டாம இருக்கறதைப் போடுங்க."

"அது எதுக்கு? அதுல கலை ஒண்ணுமில்ல."

"போடுங்கன்னேன்!"

சுருக்கென்றது நயினாருக்கு. தன் பிள்ளை வயசை விடப் பத்துப் பன்னிரண்டு கூட இருக்குமா இவளுக்கு, என்ன அதிகாரம்! போனை வயரில் சொருகி, பொத்தானைக் குத்தினார்.

பகவதி பேசினாள். இந்தத் தடவை சொல்லோடு.

"யப்பா! ரெண்டு வருசமாச்சு. ஊருக்கெல்லாம் மைக் செட் போட்டீங்க, எங் கல்யாணத்தை எட்டிக்கூடப் பாக்கல. போவட்டும். இப்ப எனக்கு ஆறு மாசம். ஒன்பதாம் மாசம் வளைகாப்பு வைக்காங்க. வளையல் போட்டாப் பொறந்த வீட்டுக்குத்தான கூட்டிட்டுப் போவணும்? அம்மாட்ட கேட்டா அப்பாட்ட கேளுன்னு சொல்லுதா. நான் நம்ம வீட்டுக்கு வரவா, வேண்டாமா? வேண்டாம்னா வேண்டாம்னாவது சொல்லித் தொலைங்க! வாயைத் திறந்து சொல்லுங்கப்பா!"

நின்றது.

"அந்தக் கடைசி 'சொல்லுங்கப்பா'வைக் கவனிச்சீங்களா டீச்சர்?" நயினாரின் முகம் மலர்ந்தது. "அங்கதான் குரல் கிழியுது. அதை ஆறாப் பிரிச்சு ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும்..."

"இது எப்ப வந்தது?"

"மூணு மாசம் இருக்கும்."

"அப்ப இது ஒன்பதாம் மாசம்."

"ஆமா. வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பாம். வீட்ல சொன்னா."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

நயினார் ஒரு வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"உங்களைத்தான் அண்ணாச்சி. என்ன பதில் சொன்னீங்க?"

"நீங்கதான டீச்சர் சொல்லை விடச் சொன்னீங்க!"

ரோஸ்லின் முகம் சிவந்துவிட்டது. "ஆமா, நான்தான் சொன்னேன். எம் வாயில மண்ணள்ளிப் போடணும்!"

நயினார் வயரைத் தரையில் விட்டெறிந்தார். "என்னை ஒரு வார்த்தை கேக்காம எவன் பின்னாலயோ போனா. அவளுக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்? எங் கோவம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. காட்டுங்க."

விடுவிடுவென்று போய் ஒரு மைக்கைத் தூக்கிவந்து அவர் வாய்க்கு நேரே நிறுத்தினாள். பதிவுக் கருவியைத் தட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அவளுக்கு என்ன சொல்லணுமோ சொல்லுங்க. வான்னு சொல்லுங்க, வராதன்னு சொல்லுங்க. திட்டணுமா, திட்டுங்க. நாளைக்கு இங்க ஓடப்போறது அதுதான்."

நயினார் நெஞ்சை நிமிர்த்தி மைக்கைப் பார்த்தார். ஆயிரம் மைக்கைப் பார்த்த மனுஷன். வாயைத் திறந்தார்.

வா என்று சொன்னால் தோற்றுப்போனதாக ஆகிவிடும். வராதே என்று சொல்லலாம். சொன்னால் வெள்ளிக்கிழமை கைநிறைய வளையலைப் போட்டுக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, பிள்ளை எங்கே போகும்? சை, எங்கே போனால் இவருக்கென்ன! அதையாவது சொல்லியிருக்கலாம். அதுவும் வரவில்லை. உதட்டைக் கடித்தார், கடித்தபடியே நின்றார். கண்ணில் நீர் முட்டியதும் அதற்காகவும் ஒரு கோபம் வந்தது.

ரோஸ்லின் அவசரப்படுத்தவில்லை. ரொம்ப நேரம் விட்டுவிட்டுத்தான் விளக்கை அணைத்தாள். பகவதியின் குரலை எடுத்துவிட்டு, இப்போது பதிவானதை ஆறு ஸ்பீக்கருக்கும் கொடுத்தாள். சத்தத்தைக் கடைசிவரை கூட்டினாள்.

நயினார் காத்திருந்தார். பிறகு பழக்கதோஷத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கராகப் போய்க் காதை வைத்தார். வயரை அசைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"ஒண்ணுமே இல்லையே டீச்சர்."

"மூணு மாசமா அவ காதுல விழுறது இதுதான் அண்ணாச்சி."