ஒரு சக்கரம், ஒரே நட்டு

ரங்கதுரைக்குத் தன் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரின் மேல் இருந்தது ஆசை இல்லை, பித்து. பீளமேட்டில் கிரைண்டர் கம்பெனி நடத்துகிற மனுஷன், ஐம்பதைத் தாண்டியவர், காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் ஷெட்டுக்குப் போய் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. கோயிலில்கூட அவர் அவ்வளவு பக்தியாய்ப் பிராகாரம் சுற்றியதில்லை.

அதிலும் நின்று நிதானமாய்ப் பார்ப்பது சக்கரங்களைத்தான். மற்ற கார்களுக்குச் சக்கரத்தின் நடுவே நாலைந்து நட்டுகள் வட்டமாய் இருக்கும். இதற்கு நட்டநடுவில் ஒரே ஒரு நட்டு. உள்ளங்கை அகலம் இருக்கும். இடப்பக்கச் சக்கரங்களுக்குச் சிவப்பு, வலப்பக்கத்துக்கு நீலம். பந்தயத்தில் கண்மூடித் திறப்பதற்குள் சக்கரத்தை மாற்றுவதற்காக வந்த ஏற்பாடு. சென்டர் லாக் என்பார்கள். அழகென்றால் அப்படி ஓர் அழகு.

அந்த அழகோடு வாழ்வதுதான் பெரும்பாடு.

முதல் தடவை அவிநாசி ரோட்டில் பஞ்சர் ஆனபோது டயர் கடைக்காரர் குனிந்து பார்த்தார். இரண்டு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

“சார், இதுக்கு எங்ககிட்ட சாமான் கெடையாதுங்க. தொட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

அடுத்த கடையிலும் அதே பதில். ஸ்டெப்னியும் கிடையாது. கடைசியில் கார் லாரி மேல் ஏறி, மாப்பிள்ளை ஊர்வலம் போல வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது.

ரங்கதுரையின் மனைவி விசாலாட்சியும் பார்த்தாள்.

“ஏனுங்க, ஒரு சக்கரத்துக்கு ஒரே நட்டுத்தானா?”

“ஆமா.”

“அது கழண்டா?”

“கழலாது.”

“நீங்க போட்டுப் பாத்திருக்கீங்களா?”

ரங்கதுரை லாரிக்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுக்கத் திரும்பினார்.

“அப்ப நான் ஏற மாட்டேனுங்க” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அவள் ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை. தன் சின்னக் காரில் உறவுக்காரர்களை அடைத்துக்கொண்டு பழநி வரை ஓட்டிப் போய் வருகிறவள். ஏற மாட்டேன் என்றால் ஏற மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரங்கதுரை தனியாய்ப் போனார், தனியாய் வந்தார். பக்கத்து இருக்கையில் இதுவரை உட்கார்ந்தது அவருடைய டிபன் பை மட்டும்தான். அவள் இல்லாமல் எங்கேயும் போய்ப் பழகாதவருக்கு அது வலித்தது. வெளியே சொல்லவும் வெட்கமாய் இருந்தது. வருகிற கல்யாண நாளுக்குள் அவளை அந்தக் காரில் ஊட்டிக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்.

அதற்காகத்தான் ஜெசிந்தாவிடம் போனார்.

ஜெசிந்தாவின் பட்டறை ஊருக்கு வெளியே, ரேஸ் டிராக்கை ஒட்டி இருந்தது. இன்ஜினியரிங் படித்து, வெளிநாட்டுப் பந்தய அணிகளில் சக்கரம் மாற்றுகிற குழுவை நடத்திவிட்டுத் திரும்பியவள். ரங்கதுரைக்கு அண்ணன் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் பட்டறையில் எல்லாரும் அவளை ‘குரு’ என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் ரங்கதுரைக்குச் சிரிப்பு வந்தது. அவள் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் அவரும் அப்படியே கூப்பிட்டார்.

“குருவே, ஒரு சந்தேகம். அஞ்சு நட்டு இருந்தா ஒண்ணு கழண்டாலும் மீதி நாலு தாங்கும். ஒண்ணே ஒண்ணை வெச்சுட்டு எப்படிங்க நம்பிப் போறது?”

ஜெசிந்தா ஒரு துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“மொதல்ல அந்த மரையைத் தொடைங்ணா.”

தொழிலாளிகளை வேலை வாங்கிப் பழகிய மனுஷர் குந்தி உட்கார்ந்து துடைத்தார். துடைத்ததும் அவள் விரலால் தடவிப் பார்த்தாள். மறுபடி துடைக்கச் சொன்னாள்.

வாரா வாரம் போனார். முறை இதுதான். வண்டியை ஜாக்கியில் தூக்க வேண்டும். நட்டைக் கழற்றி, அது ஏறுகிற மரையைத் துடைத்துக் கிரீஸ் தடவ வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் நட்டோடு சேர்ந்து சுற்றும். இன்னொருவர் இடுப்புயர ரெஞ்சில் உடம்பின் கனத்தையெல்லாம் இறக்கி முறுக்க வேண்டும். போதிய இறுக்கம் வந்ததும் ரெஞ்ச் ‘டக்’ என்று சத்தம் கொடுக்கும். அதோடு முடியவில்லை. முறுக்கிய நட்டைத் தளர்த்தி, மறுபடி முறுக்க வேண்டும். எல்லாம் சரியாய் அமர்ந்தால் நட்டுக்குள் இருக்கிற பூட்டுப் பல் தானாய் வெளியே துள்ளி நிற்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடியைப் போட வேண்டும்.

தளர்த்துவதுதான் ரங்கதுரைக்குப் பிடிக்கவே இல்லை.

“சரியா முறுக்குனதை எதுக்குங்க கழட்டணும்?”

“சரியா இருந்தா, கழட்டி முறுக்கறதுல என்னங்ணா நஷ்டம்?”

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கமும் உண்டு. நட்டை முறுக்கியவர் அப்போது வண்டியை எடுக்கக் கூடாது. பிரேக் மிதித்தவர்தான் முதல் சுற்று ஓட்ட வேண்டும். முறுக்கியவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். இது என்ன கூத்து என்று ரங்கதுரை நினைத்தார். கேட்கவும் செய்தார்.

“நின்னு பாருங்ணா” என்றாள் ஜெசிந்தா. அவ்வளவுதான்.

ரங்கதுரைக்குக் கை பழகிவிட்டது. ரெஞ்ச் டக்கென்று சொல்லும்போது தோள் வரைக்கும் ஒரு சந்தோஷம் ஏறும். கிரைண்டர் கல் முதன்முதலில் சத்தமில்லாமல் சுற்றியபோது வந்த அதே சந்தோஷம். கல்யாண நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் விசாலாட்சியிடம் கெஞ்சாத குறையாய்ச் சொன்னார்.

“ஏற வேண்டாம். நான் போடறதை வந்து பாத்தாப் போதும்.”

அவள் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள்.

“அக்கா, சும்மா நிக்கறதுக்குப் பிரேக் மிதிக்கறீங்களா?” என்றாள் ஜெசிந்தா.

விசாலாட்சி புருஷனைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். ஜாக்கியில் நிற்கிற கார் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, கதவைத் திறந்து உட்கார்ந்தாள். ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்தாள். ரங்கதுரைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“மிதி” என்றார்.

“மிதிச்சிட்டேனுங்க.”

முதல் சக்கரம். துடைத்தார், தடவினார், முறுக்கினார். டக். பிறகு தளர்த்தினார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஏனுங்க, போட்டதைக் கழட்டறீங்க? தப்பாப் போட்டுட்டீங்களா?”

“இல்ல, இதான் முறை.”

இரண்டாவது சக்கரத்திலும் தளர்த்தினார்.

“மறுபடியுமா?”

மூன்றாவதில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியில் அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வை கேள்வியைவிட மோசமாய் இருந்தது.

நான்காவது சக்கரம், வலப்பக்கத்து நீல நட்டு. முறுக்கினார். டக்கென்று கணீரென வந்தது சத்தம். இத்தனை வாரத்தில் அவ்வளவு நல்ல சத்தம் வந்ததில்லை. தளர்த்தப் போன கை நின்றது. இதையும் தப்பாய்ப் போட்டுவிட்டதாக அவள் நினைத்துவிட்டால் ஊட்டி அவ்வளவுதான். மூடியை எடுத்து ஒரே அழுத்தாய் அழுத்திப் போட்டார். உள்ளே பூட்டுப் பல் நிற்கிறதா என்று பார்க்கவில்லை.

“முடிஞ்சுதுங்களாண்ணா?” ஜெசிந்தா கேட்டாள்.

“முடிஞ்சுது.”

அவள் ஜாக்கியை இறக்கினாள். கார் தரையில் அமர்ந்தது. விசாலாட்சி இறங்குவதற்காகக் கதவில் கை வைத்தாள்.

“உக்காருங்கக்கா. பிரேக் மிதிச்சவங்கதான் மொதல்ல ஓட்டணும். இங்க அப்படி ஒரு வழக்கம்.”

“நானா?”

“டிராக் காலியாத்தான் இருக்குது. ஒரே ஒரு சுத்து.”

அன்றைய பரபரப்பில் ரங்கதுரைக்கு அந்த வழக்கம் நினைவிலேயே இல்லை. அவள் மாட்டேன் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தார். விசாலாட்சி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிறு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் இத்தனை மாதம் தவம் கிடந்தார்.

“நீங்களே போட்டதுதானுங்களே” என்றாள் அவரைப் பார்த்து. ஜெசிந்தாவிடம் கையை நீட்டினாள். “சாவியைக் கொடு கண்ணு.”

சாவி ஜெசிந்தாவிடம் இருந்தது. அவள் கையில் கிரீஸ் இருந்ததால் ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு விரலாய்த் துடைத்தாள். கை துடைக்க அவள் அவ்வளவு நேரம் எடுத்து ரங்கதுரை பார்த்ததே இல்லை.

டிராக்கின் முதல் வளைவு அங்கிருந்தே தெரிந்தது. இடப்பக்கம் திரும்புகிற வளைவு. வண்டியின் பாரமெல்லாம் வலப்பக்கச் சக்கரத்தில்தான் விழும். சத்தம் நன்றாய்த்தானே வந்தது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நன்றாய்த்தான் வந்தது.

ஜெசிந்தா கடைசி விரலைத் துடைத்து முடித்துச் சாவியை நீட்டினாள்.

“வேண்டாம்! குடுக்காதீங்க!”

கத்திக்கொண்டே ஓடிப் போய் அவர் காரின் முன்னால் நின்றார். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

“நாலாவதைக் கழட்டி முறுக்கலை. நீ பாக்கறேன்னு விட்டுட்டேன். பூட்டையும் பாக்கலை.”

ரங்கதுரை சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டு நீல நட்டின் மூடியைக் கழற்றினார். பூட்டுப் பல் வெளியே வந்திருக்கவில்லை. அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இனி அவள் இறங்கிப் போய்விடுவாள், ஜென்மத்துக்கும் ஏற மாட்டாள் என்று நினைத்தார். போகட்டும், அதுதான் நியாயம் என்றும் நினைத்தார். கதவு திறக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

கதவு திறக்கவில்லை.

“மிதிச்சிட்டேனுங்க” என்றது உள்ளேயிருந்து குரல். “முறுக்குங்க.”

ஜெசிந்தா ஜாக்கியை ஏற்றினாள். ரங்கதுரை நட்டை முழுக்கக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி, முறுக்கி, தளர்த்தி, மறுபடி முறுக்கினார். பூட்டுப் பல் துள்ளி வந்து நின்றது. விரலால் தொட்டுப் பார்த்தார். விசாலாட்சியை இறங்கி வரச்சொல்லி அவளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் தொட்டாள், திரும்பப் போய் அதே இருக்கையில் உட்கார்ந்தாள்.

ரங்கதுரை மூடியைப் போட்டதும் ஜெசிந்தா ஜாக்கியை இறக்கினாள்.

“குருவே, அன்னைக்குக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலீங்க. மத்த காரு மாதிரி அஞ்சு நட்டு இருந்திருந்தா, இன்னைக்கு நான் இந்தப் பயம் பயந்திருக்க வேண்டாமில்லீங்களா?”

ஜெசிந்தா சாவியை விசாலாட்சியின் கையில் வைத்தாள்.

“அஞ்சு நட்டு இருந்திருந்தா, மீதி நாலு இருக்குதுன்னு நீங்க கத்தியிருக்கவே மாட்டீங்களேண்ணா.”