பின் தெரு

கிதியோன் பயிற்சிக்கு வந்த நாளிலிருந்து எப்சிபா அக்காவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்கு எப்பக்கா ஒரு தெரு தருவீங்க?"

சென்னைக்கு வெளியே, குடிசைகளை இடித்தபின் கொண்டுவந்து குடிவைக்கப்பட்டவர்களின் அடுக்குமாடிக் குடியிருப்பு அது. அங்கே வீடு வீடாகப் போய் ஜெபிப்பதும், கூடமாட நிற்பதும் அக்காவின் ஊழியம். பயிற்சி தேறினவர்களுக்கு ஆளுக்கொரு தெரு. தேறாதவன் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். கிதியோனுக்கு நாசரேத்தில் அப்பாவின் மாவு மில்லும், "நான் அப்பமே சொன்னம்லா" என்கிற அப்பாவும் காத்திருந்தார்கள்.

குரல் விஷயத்தில் பையன் கில்லாடி. கன்வென்ஷன் பிரசங்கியாரைப் போல மூச்சிரைக்கக் கரகரப்பான். பிஷப்பைப் போல மூக்கால் ஆசீர்வதிப்பான். ரேடியோ நற்செய்தி அம்மாவைப் போலத் தேனாக ஒழுகுவான்.

"இன்னைக்குத் தைலம்மா வீட்டுல நீ ஜெபி. பார்ப்போம்" என்றாள் அக்கா.

தைலம்மா துப்புரவு வேலை செய்கிறவள். வீடு மூன்றாவது மாடி. பிள்ளை பெற்ற மகள் மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள் என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வாசலோரம் மூன்று காலிக் குடங்கள்.

கிதியோன் கன்வென்ஷன் குரலில் ஆதாமிலிருந்து ஆரம்பித்தான். செங்கடல் பிளக்கும் நேரம் பார்த்துக் கீழே ஹாரன் அடித்தது. படியெல்லாம் குடங்கள் இடிபடும் சத்தம், கூச்சல். சாத்தானின் வேலையேதான். அவன் கண்ணைத் திறக்கவில்லை. இந்த இரைச்சலைக் கட்டிப்போடுகிறேன் என்று ஓங்கி முழங்கினான். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் நிஜமாகவே அடங்கிப்போனது. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு சுற்று ஸ்தோத்திரம்.

ஆமென் சொன்னவள் தைலம்மா மட்டும். அக்கா இருந்த இடம் காலி. மூன்று குடத்தில் ஒன்று குறைந்தது.

புடவை நனைய, இடுப்பில் குடத்தோடு அக்கா படியேறி வந்தாள்.

"ஜெபத்துல பாதியில போயிட்டீங்களேக்கா."

"தண்ணி லாரி வந்துச்சு. ஒரு குடம் பிடிக்கறதுக்குள்ள வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான்."

எதைக் கட்டிப்போட்டோம் என்று கிதியோனுக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்களாவது போயிருக்கலாமே என்று தைலம்மாவிடம் முனகினான்.

"இன்னா தம்பி இப்புடி கேக்குற? நீ ஆண்டவராண்ட பேசிக்கினு கீற. நடுவால எப்புடி எந்திரிக்கிறது?"

அடுத்த லாரி நாளை மறுநாள்தான். பச்சைக் குழந்தையோ நாளைக்கே வருகிறது.

அக்கா மற்ற இரண்டு குடங்களையும் அவன் கையில் கொடுத்தாள். "லாரி இப்ப பின் தெருவுல நிக்கும். ஓடு."

"அது நம்ம லைன் இல்லையேக்கா. திட்டுவாங்க."

"திட்டுவாங்க" என்றாள் அக்கா.

பின் தெருவில் ரேடியோ குரலை எடுத்துவிட்டான். "அன்பான சகோதரிகளே..."

லாரிக் குழாயைப் பிடித்திருந்த பூங்காவனம் என்பவள் அதே இழுவையில் திருப்பிக் கேட்டாள். "அன்பான சகோதரரே, நீங்க எந்த பிளாக்கு?"

சொன்னான். உங்க லைனுக்கு வந்தப்போ தூங்கினியா என்று ஒருத்தி கேட்டாள். ஜெபித்துக்கொண்டிருந்ததைச் சொன்னான்.

"அப்போ மேலேர்ந்தே வரும். வாயத் தொறந்துக்கினு நில்லு."

தெருவே சிரித்தது. கைவசம் மிச்சமிருந்தது நாசரேத்துக் குரல் ஒன்றுதான்.

"எக்கா, எம்மேல தப்புதான். தைலம்மா மக நாளைக்குப் பச்சப்பிள்ளையோட வருதுக்கா. பாத்துச் செய்ங்க."

பூங்காவனம் அவனை ஒரு பார்வை பார்த்தாள். குழாயை இழுத்து அவன் குடத்தில் விட்டாள். ஒரு குடத்தை அவன் தோளில் வைத்து வழியெல்லாம் கொட்டிக்கொண்டு போவதைச் சகிக்காமல், மற்றதை அவளே தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் திட்டிக்கொண்டே ஏறினாள். இறக்கி வைத்து, பேரனா பேத்தியா என்று தைலம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனாள்.

கிதியோன் சட்டையைப் பிழிந்தான்.

"ஊருக்கு டிக்கெட் போட்டுடவாக்கா?"

"பின் தெருவுல உன்னை என்னல்லாம் சொன்னாங்க?"

ஒன்று விடாமல் அவரவர் குரலிலேயே சொல்லிக் காட்டினான். தைலம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுதான் உன் தெரு" என்றாள் அக்கா. "நாளைக்கு அங்க போ. ஜெபம் தொடங்கறதுக்கு முன்னாடி, லாரி எப்ப வரும்னு கேட்டுக்கோ."