லாபம் தனி

மருதங்குளத்தை ஆண்ட ராஜா வீரகேசரிக்கு மீசை பெரிது, கணக்கு சிறிது. பத்து விரலைத் தாண்டினால் அரண்மனைக் கணக்கரின் முகத்தைத்தான் பார்ப்பார். அந்தக் கணக்கரோ நெல் வியாபாரி தில்லைமுத்து வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் பந்தியில் உட்காருகிறவர். அப்புறம் நியாயம் எங்கே கிடைக்கும்?

ஒருநாள் பானை விற்கிற வெள்ளச்சி அழுதுகொண்டே சபைக்கு வந்தாள். மரக்கால் ஒரு பணம் என்று பேசி, தில்லைமுத்துவிடம் பன்னிரண்டு மரக்கால் நெல் வாங்கியிருந்தாள்.

"பன்னெண்டு மரக்கா அளந்துட்டு பதிமூணு பணம் கேக்கறாரு சாமி. பன்னெண்டுதான் தருவேன்னதும் என் ஆட்டை அவுத்துட்டுப் போயிட்டாரு. ஆட்டுப்பால் வித்துத்தான் என் அடுப்பு எரியுது."

தில்லைமுத்து அசரவில்லை. "மகாராஜா, நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம். மங்கலமா லாபம்னுதான் சொல்லுவோம். ஊர் வழக்கம். லாபம், ரெண்டு, மூணுன்னு பன்னெண்டு வரைக்கும் எண்ணினேன். எண்ணிக்கை பன்னெண்டு. லாபம் தனி. ஆக, பதிமூணு."

ராஜா கணக்கரைப் பார்த்தார். கணக்கர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

சபை விதூஷகன் பூதநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறானே படுபாவி! ஆனால் முகத்தில் அத்தனை பணிவு.

"வியாபாரி சொல்றது ரொம்பச் சரி," என்றான். வெள்ளச்சிக்கு அழுகை கூட நின்றுபோனது. "பணத்தைக் குடு தாயி. நானே எண்ணித் தரேன்."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். பூதநாதன் ஒவ்வொரு பணமாக வியாபாரியின் உள்ளங்கையில் வைத்தான்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

பன்னிரண்டு வந்ததும் நிறுத்தினான். "எண்ணிக்கை பன்னெண்டு. லாபம் தனி. பதிமூணு பணமும் வந்து சேர்ந்தாச்சு. ஆட்டை விடுங்க."

"கையில பன்னெண்டுதானே இருக்கு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான் தில்லைமுத்து.

"ஆமா. அவ வீட்டிலயும் நெல்லு பன்னெண்டு மரக்கால்தான் இருக்கு."

ராஜாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கோபம் தலைக்கேறியது. "இந்த வியாபாரிக்குப் பத்து சாட்டையடி குடுங்க."

பத்துதான் அவருக்குத் தெரிந்த பெரிய எண்.

சாட்டைக்காரன் பூதநாதனிடம் கேட்டான். "ஐயா, எப்படி எண்ணட்டும்?"

"பெரிய வியாபாரி. அவர் வழக்கத்தை விடலாமா? எண்ணிக்கை பத்து. லாபம் தனியா ஒண்ணு."

தில்லைமுத்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "மகாராஜா, ஒண்ணுலேர்ந்தே எண்ணச் சொல்லுங்க. சத்தியமா எனக்கு லாபமே வேண்டாம்."

ஒரு வியாபாரி வாயால் இதைக் கேட்டு ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. அடியை மன்னித்து, ஊராரிடம் கூடுதலாகப் பிடுங்கியதையெல்லாம் திருப்பித் தரச் சொன்னார். வெள்ளச்சி ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

பூதநாதனுக்குப் பத்துப் பொன் பரிசு. ராஜாவே முதல் பொன்னை எடுத்து, "ஒண்ணு," என்று ஆரம்பித்தார்.

பூதநாதன் கையை மூடிக்கொண்டான்.

"மங்கலமா ஆரம்பியுங்க, மகாராஜா."