காலிப் பல்லக்குக்கு எழாதவர்

முன்னொரு காலத்தில், மன்னரின் அனுமதியில்லாமல் எவர் மனத்திலும் ஓர் எண்ணம்கூட உதிக்காத மாபெரும் நாடு ஒன்று இருந்தது. அப்படித்தான் அந்த மன்னர் நம்பிக்கொண்டிருந்தார். அவர் மதியம் உறங்கும்போது அவருடைய காலிப் பல்லக்கு கடைவீதியில் உலா வரும். சனங்கள் எழுந்து நின்று கும்பிட வேண்டும்.

ஒருநாள் உப்பு வியாபாரி பிச்சாண்டி எழவில்லை.

"இது சோம்பல் அல்ல, மன்னா. இதற்குப் பின்னால் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது" என்றார் மந்திரி அரையப்பர். வீடு வீடாக ஒற்றர்களை அனுப்பி விசாரித்தார். பத்தே நாளில் கடைவீதியில் ஒருவரும் எழவில்லை. பல்லக்குத் தூக்கிகளே அதை நடுவீதியில் இறக்கிவைத்துவிட்டு மோர் குடித்தார்கள்.

மன்னரின் மதியத் தூக்கம் போயிற்று. அரையப்பர் அவர் காதருகே குனிந்து, "ஊரைச் சிரிக்கவைக்கிறவன்தான் இதையும் கிளப்பியிருப்பான்" என்றார்.

அரண்மனை விகடன் குழைக்காதன் அழைக்கப்பட்டான்.

"அந்த எண்ணத்தை நாளைக்குள் கட்டி என் முன் கொண்டுவா. தவறினால் உன் தலை போகும்."

"உத்தரவு மன்னா. கயிற்றால் கட்டவா, நூலால் கட்டவா?"

"எதனாலாவது கட்டு."

குழைக்காதன் நேரே பூக்காரி மாடத்தியிடம் போனான். "யக்கா, எந்திரிக்க வேண்டாம்னு உனக்கு யாரு சொன்னது?"

"நானா எங்கய்யா நெனச்சேன்? பூக்கட்டவே பொழுது பத்தல. அரண்மனை ஆளு ஒரு ஓலைய வாசிச்சுக் கேட்டாரு. அப்புறந்தான் யோசிச்சுப் பாத்தேன். ஓலைய மறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு. அந்தா, கூடைக்கு அடியில கெடக்கு."

மறுநாள், பூ நூலால் கட்டிய ஓலையைக் குழைக்காதன் மன்னர் முன் வைத்தான். அதில் மந்திரியின் முத்திரை இருந்தது. மன்னர் பிரித்து வாசித்தார்:

'உள்ளே ஆளே இல்லாத பல்லக்குக்கு எதற்காக எழ வேண்டும் என்று நீயும் நினைக்கிறாயா?'

"பிச்சாண்டி ஒரு கடையில்தான் உட்கார்ந்திருந்தார். இது நாலாயிரம் வீட்டுக்குப் போயிருக்கிறது, மன்னா" என்றான் குழைக்காதன்.

"அது விசாரணை ஓலை" என்றார் அரையப்பர்.

மன்னர் மறுபடியும் வாசித்தார். "கேள்வி நியாயமாகத்தான் இருக்கிறது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"மன்னரையும் கட்டுவதென்றால் இந்த நூல் போதாதே" என்றான் குழைக்காதன்.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பல்லக்கை அவனுக்கே பரிசாகக் கொடுத்து, முன்கொம்பைத் தூக்க அரையப்பரை நியமித்தார்.

ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. பிச்சாண்டியைத் தனியே அழைத்து, அன்று அவர் மனத்தில் என்னதான் ஓடியது என்று கேட்டார். பிச்சாண்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

அன்று அவருடைய வேட்டி பின்பக்கம் கிழிந்திருந்தது.