புறா சொன்ன 'உம்'

பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், 'உம்' என்ற சொல்லுக்குப் பொருளும் ஒன்றுதான் இருந்தது: 'நான் பொறுப்பு.' ஒருவர் உம் என்றுவிட்டால் அதற்குமேல் யாரும் சத்தியம் கேட்டதில்லை.

ஒரு கம்பங்கொல்லையின் ஓரத்தில், புதரடியில் குழி பறித்து, ஒரு கௌதாரி ஏழு முட்டை இட்டிருந்தது. கடும் கோடை. இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்காமல் அடைகாத்ததில் தொண்டை ஒட்டிப்போயிற்று. பக்கத்துக் களத்தில் ஒரு புறா, சிந்திய கம்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"புறா அண்ணே, ஓடைவரைக்கும் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். இங்கே உடும்பு நடமாட்டம் இருக்கிறது. கண்ணில் பட்டால் ஒரு சத்தம் கொடுங்கள், பறந்து வந்துவிடுவேன். பார்த்துக்கொள்கிறீர்களா?"

புறாவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. கவனமெல்லாம் கம்பின்மேல். கௌதாரி ஏதோ கேட்கிறது என்பது மட்டும் தெரிந்தது. தலையைத் தூக்காமலே, "உம்" என்றது.

கௌதாரி நிம்மதியாகப் போயிற்று.

சற்று நேரத்தில் ஓர் உடும்பு களத்தைக் கடந்து புதருக்குள் நுழைந்தது. புறா அதைப் பார்த்தது. ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி கொத்தத் தொடங்கியது.

கௌதாரி திரும்பி வந்தபோது குழியில் ஓடுகள்தான் கிடந்தன.

"ஏன் அண்ணே சத்தம் கொடுக்கவில்லை?"

"நீ என்னிடம் எதுவும் சொல்லவில்லையே!"

"உம் என்றீர்களே, அண்ணே."

புறாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வெட்கத்தில் உடம்பு கூசிற்று. "உம் என்றேன், தாயே. என்ன கேட்டாய் என்று தெரியாமலே சொன்னேன். உடும்பு போனதைக்கூடப் பார்த்தேன். வழிவிட்டேன்."

கௌதாரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒன்றாவது மிஞ்சியிருக்குமா என்று ஓடுகளை அலகால் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. பிறகு கொல்லையைத் தாண்டி நடந்து போயிற்று.

அதற்குப்பின் புறாவால் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. யார் என்ன பேசினாலும், ஒரு வார்த்தை தவறிவிடுமோ என்று பயந்து, குனிந்து குனிந்து "உம்... உம்..." என்று கேட்டது. நம்பத்தான் ஆளில்லை. செய்தி ஊரெல்லாம் பரவ, மற்றவர்கள் சொன்ன உம்மும் கனம் இழந்தது.

புறா தலையை ஆட்டி ஆட்டி உம் கொட்டுவதும், நாம் உம் என்றதும் எதிரே இருப்பவர், "என்ன உம்? நான் சொன்னது காதில் விழுந்ததா?" என்று கேட்பதும் அன்று முதல்தான்.